ரெங்கம்மாளின் தொண்ணூறு இரவுகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுத எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி ஸ்டேஷனில் நீங்கள் சொன்னபோது, ஐயா, எனக்கு முதலில் வந்தது பயமல்ல. கோடு போட்ட தாள் தருவீர்களா, கோடு போடாத தாளா என்றுதான் யோசித்தேன். பிறகு அப்படி யோசித்ததற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட வேண்டியவை இதைவிடப் பெரிதாக நிறைய இருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் ஸ்ரீனிவாஸ். வீடு மதுரை கோச்சடையில். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தேன். அந்த இரண்டு வருடமும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளினேன். பனி பெய்யும் ஊர்கள், குதிரை வண்டிகள், ஜன்னலோரம் படுத்து மெல்ல மெல்லச் சாகும் பெண்கள். மாடியிலிருந்து இறங்கி வந்தால் கோச்சடை வெயிலும் டவுன் பஸ்ஸும் யாரோ இட்டுக்கட்டியவை போலத் தெரியும். என் அம்மா லலிதாம்பாள் இதை ஒரு வியாதி என்றே நினைத்தாள். 2004 மே மாதம் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி ராமதாஸ் சென்னையிலிருந்து வந்தபோது, "இவனை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடு" என்று கெஞ்சினாள்.

ராமதாஸ் மாமா ஒரு சத்து மாத்திரைக் கம்பெனியில் இருந்தார். சீமைச் சாமந்திப் பூவிலிருந்து ஃபிளேவனாய்டு என்ற சத்தைப் பிரித்தெடுத்து மஞ்சள் கேப்சூலாக அடைத்திருந்தார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டால் வயதானவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் வரும், தூக்கம் சரியானால் உடம்பு தளர்வது தள்ளிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கடைக்கு அனுப்புவதற்கு முன் அறுபது வயது தாண்டிய இருபத்து நான்கு பேருக்குத் தொண்ணூறு நாள் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு குறிப்பேடு, நாளுக்கொரு பக்கம். காலையில் வீடு வீடாகப் போய், எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தடவை விழித்தார், எப்போது எழுந்தார், முகமும் கண்ணும் எப்படி இருக்கின்றன என்று கேட்டும் பார்த்தும் எழுத வேண்டும். குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் சிவப்பு. உடம்புக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை நிரப்பி, அன்றைக்கே மாமாவுக்குப் போன் செய்து, அந்த ஆளுக்கு மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். அத்தோடு அந்தக் குறிப்பேடும் முடிந்தது.

"இது மருந்து இல்லைடா, சத்து. அவங்களையும் அப்படியே சொல்லப் பழக்கு. மருந்துன்னு சொன்னா ஆயிரம் கேள்வி வரும்" என்றார் மாமா. பழக்கினேன்.

உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் எழுமலையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அறை எடுத்துத் தந்தார்கள். கீழே எஸ்.டி.டி. பூத். கால் மணி நேரம் நடந்தால், அந்த இருபத்து நான்கு பேரும் இருந்த தெரு. எல்லோரும் காடுகரையில் வேலை செய்பவர்கள். முதல் நாளே சுருளி என்ற எழுபது வயதுக்காரர் கேப்சூலை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதப் போட்டா வயசு கொறையுமாக்கும்? அப்ப ஒரு பொண்ணையும் பாத்துட்டு வந்து குடு மாப்ள. வெறும் மாத்திரைய வச்சு நான் என்ன பண்ண?" தெரு முழுக்கச் சிரித்தது. அவருக்குத் தூக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே பெரும்பாலானவர்களுக்கு இல்லை. பகலெல்லாம் குனிந்து நிமிர்கிறவர்கள் படுத்த நிமிடம் தூங்கிவிடுகிறார்கள். இருந்தாலும் வீடு தேடி வந்த பையன் கொடுப்பதை எப்படி வேண்டாமென்று சொல்வது என்று எல்லோரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உண்மையில் தூங்காதவள் ரெங்கம்மாள் ஒருத்திதான். அறுபத்தெட்டு வயது. புருஷன் காளை இறந்து ஆறு வருடம். ஒரே மகள் மீனா உசிலம்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தாள். ரெங்கம்மாள் தனியாக இருந்தாள், பருத்தி எடுக்கப் போனாள், இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். "ஒடம்பு படுக்குது தம்பி. கண்ணு மட்டும் எந்திரிச்சு உக்காந்துக்கிது. அத எங்கிட்டுக் கொண்டு போயிப் படுக்கப் போடுறது?" என்று கேட்டாள். அந்த வாக்கியத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன். அப்போது நான் நேர்மையாக இருந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோச்சடைக்குப் போய்விடுவேன். திங்கட்கிழமை வந்து இரண்டு நாளுக்கும் சேர்த்துக் கேட்பேன். முந்தாநாள் எப்படித் தூங்கினோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை நானே எழுதினேன். அது பெரிய தவறாகத் தெரியவில்லை. எழுத எழுத, ஞாயிற்றுக்கிழமைகள்தான் குறிப்பேட்டிலேயே நன்றாக வந்திருந்தன. மற்ற நாட்கள் வறண்டு கிடந்தன. 'பத்து மணி, ஒரு தடவை, ஐந்து மணி' என்று மட்டும் இருந்தால் அதில் ஒரு மனிதன் எங்கே இருக்கிறான்? ஆகவே மற்ற நாட்களையும் கொஞ்சம் சரிசெய்தேன். ரெங்கம்மாளுடையதை அதிகம் சரிசெய்தேன். வெகுதூரத்து நாவலிலிருந்து எழுந்து வந்து எழுமலைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தாள் அவள். "ஒண்ணரை மணி நேரம் முழிச்சுக் கெடந்தேன்" என்று அவள் சொன்னால், 'இருட்டில் விழித்திருந்து, கூரையில் பல்லி நகர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்' என்று எழுதுவேன். மாமா புதன்கிழமைகளில் போனில் பேசும்போது, நான் வாராவாரம் நகலெடுத்து அனுப்பிய அந்தக் குறிப்பேட்டுப் பக்கங்களை ஆபீசில் சத்தமாகப் படித்துக் காட்டியதாகச் சொன்னார். அன்று அறைக்கு ஏறும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

ஜூன் முடிவில் பாட்டில்களைத் திரும்ப வாங்கி மிச்சத்தை எண்ண வேண்டும். எத்தனை மிச்சமோ, அத்தனை நாள் சாப்பிடவில்லை என்று அர்த்தம். இருபத்து நான்கு பாட்டிலும் காலியாக வந்தன. "எந்த ஊர்லயும் இப்படி நடந்ததில்லைடா" என்றார் மாமா. காரணம் எனக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ரெங்கம்மாள் வீட்டில் தண்ணீர் கேட்டு உள்ளே போனபோது, எவர்சில்வர் சம்படம் நிறைய மஞ்சள் கேப்சூல்கள் இருந்தன.

"செல்லத்தாய் குடுத்தா, மலையம்மா குடுத்தா, சோலை வீட்டுல குடுத்தாக" என்றாள், மகிழ்ச்சியாக. "எனக்குத்தான தூக்கமில்ல. அவுகளுக்கு எதுக்கு?"

கொடுத்ததை மீதம் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவனுடைய முகத்தில் அடித்த மாதிரி என்பது அந்தத் தெருவின் எண்ணம். குப்பையில் போடவும் மனம் வராது. யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் ஊரே அரிசி கொண்டுபோய்க் கொட்டுவது போல, ஒருத்திக்குத் தூக்கமில்லை என்றதும் ஊரே மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்திருந்தது.

"ராத்திரிக்கு எத்தனை போடுறீங்க?"

"நாலு. செல நாளு அஞ்சு. ஒண்ணு போட்டா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நாலு போட்டா, அடேயப்பா, எம்புட்டுத் தூக்கம்கிற!"

உண்மையாகவே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணி நேரம், ஆறரை மணி நேரம். ஆறு வருடத்தில் முதல் முறையாக. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை. குறிப்பேட்டில் நான்கு என்று எழுதினால் அவளை நீக்கிவிடுவார்கள், அந்தத் தூக்கமும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்று என்று எழுதினேன்.

ஜூலை முதல் வாரத்தில் சுருளி மட்டும் பாட்டிலை என்னிடமே நீட்டினார். இரண்டாவது மாதத்துக்கானது, மூடியே திறக்கவில்லை. "சும்மா இருக்குது மாப்ள. நீயே எடுத்துக்க." நான் அதை வாங்கிக்கொண்டிருக்கலாம். மிச்சம் முப்பது என்று எழுதியிருக்கலாம். "ரெங்கம்மாகிட்டக் குடுத்திருங்கய்யா. உபயோகமாப் போகும்" என்றேன். அதுவரை அது ஊர் செய்த காரியமாக இருந்தது. அன்றிலிருந்து நான் செய்தது. மற்றவர்களிடமும் அதையே சொன்னேன். எல்லா வீட்டிலும் சொன்னேன். ஜூலையில் அவள் ஆறும் ஏழும் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை நடுவில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒடம்பெல்லாம் நமநமன்னு அரிக்குது தம்பி. காட்டுக்குப் போனா காலு பின்னிக்கிது" என்றாள். 'இரவு உணவைக் குறைத்துக்கொண்டார், இலகுவாக உணர்கிறார்' என்று எழுதினேன். ஜூலை இருபத்தேழாம் தேதி காலையில் நான் அவள் வாசலில் இருந்தபோது, எதிர்வீட்டுச் செல்லத்தாய் தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டாள்.

"ஏத்தா, கண்ணு என்ன இப்படி மஞ்சளாக் கெடக்கு? காமாலையால்ல இருக்கு!"

அன்று மத்தியானமே கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம். மறுநாள் ரெங்கம்மாள் என்னிடம் கேட்டாள். அவள் கேட்ட விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அரிசி களைந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "தம்பி, பத்தியத்துல இருக்கேன். ஒன் மாத்திரைய நிறுத்திப்பிடட்டா?"

அவள் என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்வாள். நான் படித்தவன்.

"அது மருந்து இல்லையேம்மா, பூவுல எடுத்த சத்துதான. பாதியில விடக் கூடாது. இன்னும் ஒரு மாசம்தான்" என்றேன்.

"அப்பச் சரி" என்றாள்.

அன்று புதன்கிழமை. பூத்துக்குப் போனேன். லைன் உடனே கிடைத்தது. சிவப்புப் பக்கம் என் சட்டைப் பையில் மடித்து இருந்தது. அதை நிரப்பியும் இருந்தேன். மாமா, "எப்படிடா போகுது?" என்றார். "நல்லாப் போகுது மாமா. எல்லாரும் நல்லாத் தூங்குறாங்க" என்றேன். "அந்தக் கிழவி?" "அவங்கதான் எல்லாரையும்விட நல்லாத் தூங்குறாங்க." மாமா சிரித்தார். அறைக்குப் போய் அந்தச் சிவப்புத் தாளை நான்காகக் கிழித்தேன். ஏன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. மாமாவுக்குப் பயப்படவும் இல்லை. அந்தக் குறிப்பேடு ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றுவிடும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி மீனா வந்து அம்மாவை மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். மீனா அப்போது என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். "வாங்க தம்பி, அம்மா ஒங்களத்தான் கேட்டுச்சு. சீனித் தம்பி வந்து எழுதணுமேன்னு பொலம்பிக்கிட்டே கெடக்கு" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். நான் இருக்கும்போதே டாக்டர் வந்தார். பொறுமையான மனிதர். கட்டிலில் குனிந்து, "பாட்டிம்மா, கீழாநெல்லி தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? தினமும் போடுற மாதிரி?" என்று இரண்டு முறை கேட்டார்.

"மருந்தெல்லாம் இல்ல சாமி" என்றாள் ரெங்கம்மாள். நான் பழக்கியபடியே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்பது போல.

டாக்டரும் என்னைப் பார்த்தார். வீட்டு ஆள் என்று நினைத்திருப்பார். நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த வார்டில் நாற்பது கட்டில்கள் இருந்தன. திரும்பி வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அவர் அந்தப் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்.

பத்தாம் தேதி சாயங்காலம் அவள் இறந்துபோனாள். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். எதனால் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கேப்சூலால்தான் என்று நானும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உறுதியாகச் சொல்லியிருக்கக்கூடியவர்களிடம் நான் எதையும் சொல்லவில்லை. பதினோராம் தேதி அடக்கம். சுருளி என் தோளில் கையைப் போட்டு, "பெத்த மகன் மாதிரி தெனமும் வந்து பாத்த மாப்ள" என்று அழுதார். நான் அவரோடு சேர்ந்து அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

அறைக்கு வந்து குறிப்பேடுகளை அடுக்கினேன். அவளுடையதில் எழுபத்தொரு பக்கம் முடிந்திருந்தது. மீதி பத்தொன்பது. கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் நான் எப்போதும் முடிவை நானே யோசித்துக்கொள்வேன். அன்றும் அப்படித்தான் பேனாவை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்தால் கணக்கு கெடும் என்றும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தினமும் காலையில், அவள் வீட்டைத் தாண்டிப் போய் மற்ற வீடுகளில் கேட்டு எழுதிவிட்டு, அறைக்கு வந்ததும் அவளுடைய பக்கத்தை எழுதினேன். அந்தப் பத்தொன்பது நாளும் அவள் நன்றாகத் தூங்கினாள். பசி திரும்பி வந்தது. அரிப்பு நின்றுவிட்டது. தொண்ணூறாம் நாள் ஏழரை மணி நேரம் தூங்கி எழுந்து, பருத்திக் காட்டுக்குப் போனாள்.

அடுத்த பிப்ரவரியில் மீனா கோச்சடை வீட்டுக்கு வந்தாள். அவள் வேலை பார்த்த மெடிக்கல் ஷாப்புக்கு அந்தப் பாட்டில் விற்பனைக்கு வந்திருந்தது. கூடவே ஒரு மடிப்புத் தாள். மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்த அறுபத்தெட்டு வயது விவசாயப் பெண்மணி, தொண்ணூறு நாளில் இரண்டு மணி நேரத்திலிருந்து ஏழரை மணி நேரத் தூக்கத்துக்கு முன்னேறியதாக அதில் இருந்தது. பெயர் இல்லை. மீனாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அம்மா எனக்குக் காபி போடுவது போலவே அவளுக்கும் போட்டுக் கொடுத்தாள்; அவள் தம்ளரைத் தொடவில்லை.

"குறிப்பேட்டக் காட்டுங்க சார்" என்றாள்.

தம்பி போய் சார் வந்திருந்தது. என்னிடம் இருந்த நகலைக் கொடுத்தேன். மறைக்கத் தோன்றவில்லை. ஒருவேளை அவளாவது படிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேனோ என்னவோ. அவள் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"எங்கம்மா பல்லிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்துச்சா? அதுக்குக் காது சரியாக் கேக்காது சார். இடது காது சுத்தமாவே கேக்காது. மூணு மாசம் பேசியிருக்கீங்க, அதுகூடத் தெரியலையா?"

தெரியவில்லை. நான் எது பேசினாலும் ரெங்கம்மாள் இரண்டு முறை கேட்டுத்தான் பதில் சொல்வாள்; அது அவளுடைய குணம் என்று நினைத்திருந்தேன்.

மீனா பக்கங்களைப் புரட்டி ஆகஸ்ட் பதினொன்றுக்கு வந்தாள்.

"அடக்கம் பண்ணுன ராத்திரி ஏழே கால் மணி நேரம் தூங்குச்சு" என்று வாசித்தாள். குரலில் கோபம் இல்லை. "நடுவுல ஒரு தடவகூட முழிக்கல. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க." பிறகு கேட்டாள்: "நான் வீட்டச் சுத்தம் பண்ணயில சம்படத்துல அம்பது அறுபது மாத்திர கெடந்துச்சு. எல்லார்ட்டயும் வாங்கித் திங்கச் சொன்னது யாரு?"

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊர்க்காரங்க அவங்களாவே குடுத்திருக்காங்க" என்றேன்.

"கண்ணு மஞ்சளானத மொதல்ல யாரு பாத்தா?"

"செல்லத்தாய் அம்மாதான். இருபத்தேழாந் தேதி. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது."

மீனா குறிப்பேட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நீங்கள் அதை முழுக்கப் படித்திருப்பீர்கள். ஆனால் ஜூலை பதினாறாம் தேதிப் பக்கத்தைச் சரியாகப் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நான் மீனாவிடம் சொன்னது பொய். செல்லத்தாய்க்குப் பதினொரு நாள் முன்பே எனக்குத் தெரியும். அன்று காலை ரெங்கம்மாள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தையும் கண்ணையும் பார்த்து எழுத வேண்டும் என்பதால் குனிந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெள்ளை விழி முழுக்க மஞ்சள். நான் தாவரவியல் படித்தவன், காமாலை தெரியாதவன் அல்ல. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாரையும் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. என்ன நிறம் என்று எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தபோது ஒரு வாக்கியம் தானாக வந்து நின்றது. 'இரு விழிகளிலும் காலை வெயில் பொன்னாகத் தேங்கியிருந்தது' என்று எழுதினேன். அதைப் படித்தால் இப்போதும் கூசிப்போகிறேன், ஐயா. ஆனாலும் அந்தக் குறிப்பேட்டிலேயே நல்ல வரி அதுதான்.